புழுவை அறிவோம், பூச்சியை அறிவோம்

சில மாதங்களுக்கு முன்னர் பேராக் மாநிலத்தில் உள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். மாலை வேளை. குடியிருப்பின் பின்புறத்திலிருந்து கரும்புகை எழுவதைக் கண்டு அங்கே விரைந்தோம். இளைஞர் நால்வர் நீண்ட கழியின் நுனியில் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் தோய்த்துக் கொளுத்தி, கறிவேப்பிலைச் செடியிலும் எலுமிச்சையிலும் கொய்யா மரத்திலும் இருந்த புழுக்களைச் சுட்டுக்கொண்டிருந்தனர். காரணம் கேட்டோம். இரண்டு நாட்களுக்கு முன் அதே வரிசையில் குடியிருக்கும் ஓர் அம்மையார், வெள்ளிக்கிழமைப் பூசைக்காக வாழையிலை அறுக்கப் போனபோது கையில் ஏதோ பட்டு, நெருப்பைத் தொட்டவர்போல் அலறிவிட்டாராம். கை வீங்கிப் போயிற்று. பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க இயலவில்லை. இரண்டு நாள் சம்பளம் போயிற்று. 'இனி ஒரு புழுவும் இங்கே மிஞ்சக் கூடாது' என்று இளைஞர்கள் புறப்பட்டுவிட்டனர்.

அப்பொழுது இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் பயிலும் ஒரு மாணவி நம்மிடம் வந்தாள். அவள் அந்த அம்மையாரின் மகள். தந்தையின் கைப்பேசியை நீட்டி, "ஐயா, அம்மாவின் கையில் பட்டது இதுதான். மறுநாள் காலையில் அதே வாழைக்குப் போய், இலையைக் குச்சியால் திருப்பிப் பார்த்துப் படம் எடுத்தேன். அண்ணன்மார் சுடுகிற புழு வேறு, இது வேறு" என்றாள்.

படத்தை உற்று நோக்கினோம். பசுமையான தடித்த உடல். முதுகின்மேல் நீலக் கோடு. இரு புறமும் கொத்துக் கொத்தாய் முட்கள். கறிவேப்பிலையில் சுடப்பட்ட புழுவுக்கோ ஒரு முள்ளும் இல்லை. அது கறுப்பு நிற வண்ணத்துப்பூச்சியாகிப் பூக்களை நாடிப் பறக்க வேண்டியது. கொய்யாவில் கருகிக் கிடந்ததோ நம் நாட்டின் மிகப் பெரிய அந்துப்பூச்சிகளுள் ஒன்றின் புழு. குற்றவாளி மட்டும் வாழையிலையின் அடியில் தன் கூட்டத்தோடு பத்திரமாக இருந்தது. மறுநாள் மற்றொருவர் அங்கே இலை அறுக்கச் சென்றிருந்தால் அவருக்கும் அதே துன்பம் நேர்ந்திருக்கும்.

அந்தச் சிறுமி செய்தது எளிய காரியம். அஞ்சி ஓடவில்லை, ஆத்திரப்படவும் இல்லை. முதலில் பார்த்தாள், பார்த்ததைப் படமாக்கினாள். இந்த மாதப் பாடத்தை அவளிடமிருந்தே தொடங்குகிறோம்.

அந்துப்பூச்சி எது, வண்ணத்துப்பூச்சி எது?

இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இரண்டின் இறகுகளும் மிக நுண்ணிய செதில்களால் மூடப்பட்டிருக்கும். விரலில் ஒட்டும் தூள் அந்தச் செதில்தான். 'அந்துப்பூச்சியின் தூள் பட்டால் கண் குருடாகும்' என்று நம் மூத்தோர் சிலர் சொல்வதுண்டு. அது உண்மையன்று. கண்ணில் விழுந்தால் எந்தத் தூளும் உறுத்துவதுபோல் இதுவும் உறுத்தும். கசக்காமல் தூய நீரால் கழுவினால் போதும்.

இரண்டையும் பிரித்தறிய உணர்கொம்பைப் பார்த்தல் நல்ல வழி. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு தீக்குச்சியைப் போல நுனியில் தடித்திருக்கும். அந்துப்பூச்சியின் உணர்கொம்பு நூல்போல் மெலிந்தோ, பறவையின் இறகுபோல் விரிந்தோ காணப்படும். அமரும் முறையிலும் வேறுபாடு உண்டு. வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் இறகுகளை முதுகின்மேல் நிமிர்த்திச் சேர்த்துக்கொள்ளும். அந்துப்பூச்சி இறகுகளைத் தட்டையாக விரித்தோ, கூரைபோல் சரித்தோ அமரும். ஆயினும் பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் உள. ஆதலால் பகலா இரவா என்பதை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

உலகில் ஏறத்தாழ 18,000 வகை வண்ணத்துப்பூச்சிகள் அறியப்பட்டுள்ளன. அந்துப்பூச்சிகளோ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வகைக்கும் மேற்பட்டவை. நாம் பகலில் கண்டு மகிழும் வண்ணத்துப்பூச்சி ஒரு பங்கு என்றால், இரவில் நாம் உறங்கும்போது உலவுவது அதைப்போல் பல பங்கு. நம் வட்டாரத்து அந்துப்பூச்சிகளைப் பற்றி ஹென்றி பார்லோ எழுதிய அறிமுக நூல் 1982இல் கோலாலம்பூரில் வெளிவந்தது. போர்னியோவின் அந்துப்பூச்சிகளைப் பற்றி ஜெரமி ஹாலவே 1983இல் தொடங்கிய நூல்வரிசை பதினெட்டுப் பகுதிகளாக வளர்ந்தது. அத்துணை பெரிய செல்வம் நம் வீட்டுப் புறக்கடையிலும் காட்டோரத்திலும் பரந்து கிடக்கிறது.

ஒரு வாழ்வு, நான்கு வடிவம்

முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என நான்கு நிலைகளில் இவற்றின் வாழ்வு கழிகிறது. கொய்யா மரத்தில் சுடப்பட்ட அந்தப் புழுவையே சான்றாகக் கொள்வோம். அதன் பெயர் அட்லஸ் அந்துப்பூச்சி. கொய்யா, இலவங்கம், ரம்புத்தான் முதலிய மரங்களின் இலைகளை அது உண்ணும். புழுவின் உடல் வெண்ணிற மெழுகுத் தூள் பூசியதுபோல் தோன்றும். முதுகில் சதைப்பற்றுள்ள மென்மையான முனைகள் இருக்கும். பார்ப்பதற்கு அச்சம் தரும். ஆனால் அவை கொட்டுவதில்லை. சில வாரங்கள் தின்று, பலமுறை தோலுரித்து, நம் பெருவிரலினும் பருத்துவிடும். பின்னர் இலையைச் சுருட்டிப் பழுப்பு நிறப் பட்டு இழையால் கூடு கட்டி உள்ளே அடங்கிவிடும். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து வெளிவரும் பூச்சியின் இறகு, முனையிலிருந்து முனை வரை 25 சென்டிமீட்டர் அளவுக்கும் விரியக்கூடும். இறகு நுனி பாம்பின் தலையைப் போல் வளைந்திருப்பது அதன் தனி அடையாளம்.

இந்தப் பெரிய பூச்சிக்கு உண்ணும் வாய் இல்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பைக் கொண்டே ஓரிரு வாரம் உயிர் வாழும். இணை சேர்ந்து, முட்டையிட்டு, மடியும். ஆண்பூச்சியின் அகன்ற உணர்கொம்பு பெண்பூச்சியின் மணத்தை நெடுந்தொலைவிலிருந்தே அறியும். இத்தகைய பூச்சி ஒரு நாள் கோயில் விளக்கடியிலோ வீட்டுச் சுவரிலோ வந்து அமர்ந்தால், சிலர் 'பேய்ப்பூச்சி' என்று துடைப்பத்தை எடுக்கின்றனர். வாயற்ற அப்பூச்சி யாரைக் கடிக்கும்? அதற்கு எஞ்சியிருப்பது சில நாள் மட்டுமே.

நம் காட்டுப்புறத்தில் விலங்குகளின் தோலைத் துளைத்து இரத்தம் உறிஞ்சும் அந்துப்பூச்சி ஒன்றும் உண்டு. ஹான்ஸ் பென்சிகர் என்னும் ஆய்வாளர் மலாயாவில் அதைக் கண்டு 1968இல் எழுதினார். அத்தகையன மிகச் சிலவே. நம் விளக்கை நாடி வரும் பூச்சிகளில் பெரும்பாலானவை பூந்தேனையோ மரச்சாற்றையோ பருகுபவை. அல்லது எதையுமே உண்ணாதவை.

பால்வெட்டுத் தொழிலாளியின் வாய்ப்பு

நகரத்தில் வாழ்பவர் அந்துப்பூச்சியைக் காணப் பயணம் போக வேண்டும். நம் தொழிலாளர்களுக்கு அத்தேவை இல்லை. குளிர்ந்த விடியலில் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதனால் பொழுது புலருமுன்பே நீங்கள் நிரைக்குச் செல்கிறீர்கள். தலையில் விளக்கு இருக்கிறது. நூற்றுக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாகக் கிட்ட நின்று பார்க்கிறீர்கள். இரவுப் பூச்சி உறங்கப் போகும் நேரமும் நீங்கள் வேலை தொடங்கும் நேரமும் ஒன்றாக அமைந்துள்ளன. பட்டையின் நிறத்தோடு நிறமாக ஒட்டிக் கிடக்கும் பூச்சியை உங்களினும் நன்றாகக் காணத்தக்கவர் யார்?

ஆயினும் வேலை நேரத்தில் வேலையே முதன்மை. பூச்சியைக் கண்டால் எந்த நிரை, எத்தனையாவது மரம் என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அமர்ந்துவிட்ட அந்துப்பூச்சி பெரும்பாலும் பகல் முழுவதும் அங்கேயே இருக்கும். மங்குகளில் பால் எடுத்து முடித்தபின் திரும்பி வந்து பார்க்கலாம்.

புழுவைத் தேடுவோர் புழுவைத் தேடக்கூடாது. அதன் சுவட்டைத் தேட வேண்டும். தரையில் மிளகு போன்ற கறுத்த எச்சம் சிதறியிருந்தால் நேர் மேலே பாருங்கள். இலையின் ஓரம் கடிபட்டிருந்தால் அதன் அடிப்பக்கத்தைக் குச்சியால் திருப்பிப் பாருங்கள். வாழையிலை குழல்போல் சுருண்டிருந்தால் உள்ளே புழு இருக்கக்கூடும். வீட்டைச் சுற்றியே தேடத்தக்க இடங்கள் பல உள. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம்போல் தோன்றும் சிறு புழு, வளர்ந்தபின் பச்சை நிறமாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் வீசும். அதனால் தீங்கு ஏதும் இல்லை. சேம்பு இலையில் பக்கவாட்டில் கண்போன்ற புள்ளிகளும் வாலில் ஒரு கொம்பும் கொண்ட புழு இருக்கும். அந்தக் கண்கள் பொய்க்கண்கள். பறவையை அச்சுறுத்த இயற்கை வரைந்தவை. வால்கொம்பும் குத்தாது. அது வளர்ந்தால் பருந்துபோல் விரைந்து பறக்கும் அந்துப்பூச்சியாகும். அவ்வினத்தைச் சேர்ந்த பூச்சிகளே அந்திநேரத்தில் பப்பாளிப் பூக்களை நாடி வந்து மகரந்தம் சேர்க்கின்றன.

மாலையில் குடும்பத்தோடு செய்யத்தக்க முறை ஒன்று உண்டு. பழைய வெள்ளை வேட்டியைத் துணி உலர்த்தும் கொடியில் தொங்கவிட்டு, அதன் முன்னே ஒரு விளக்கை வையுங்கள். நிலவில்லாத, காற்று வீசாத, மழை பெய்து ஓய்ந்த இரவு மிகவும் ஏற்றது. எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் துணி நிறையப் பூச்சிகள் வந்து அமரும். விளக்கை அவை விரும்பி வருவதாக முற்காலத்தில் எண்ணினர். 2024இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விளக்கம் தந்தது. இரவு வானம் தரையைவிடச் சற்று ஒளியுடையது. பூச்சி தன் முதுகை எப்போதும் ஒளியின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மேல் எது கீழ் எது என அறிகிறது. நம் விளக்கு அருகே வந்ததும் அந்தக் கணக்குப் பிழைத்துவிட, வழி தெரியாமல் அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. ஆகவே பார்த்து முடித்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். இரவு முழுதும் எரியவிட்டால் அவை களைத்துப்போய், காலையில் பறவைக்கும் பூனைக்கும் இரையாகிவிடும்.

இரவில் வீட்டை விட்டு விலகிச் செல்வோர் தனியே போகலாகாது. பூட்ஸ் அணியுங்கள், பாம்பு உண்டென்பதை மறவாதீர்கள்.

தொடத்தகாதவை

எல்லாப் புழுவும் தீங்கற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. தொடத்தகாதவற்றை ஒவ்வொரு குழந்தையும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, மயிரடர்ந்த கம்பளிப்பூச்சி. மொசுக்கட்டை என்றும் சொல்வர். மலாய் மொழியில் உலாட் பூலு. இவற்றுள் சிலவற்றின் மயிர் தோலில் குத்தி முறிந்து, அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். இரண்டாவது, அந்த அம்மையாரைத் துன்புறுத்திய முட்புழு. மலாய் மொழியில் உலாட் பெலுஞ்சாஸ். தட்டையான அல்லது தடித்த உடலில் கொத்துக் கொத்தாய் முட்கள் இருக்கும். பச்சை, மஞ்சள், நீலம் எனப் பளிச்சிடும் நிறங்களும் காணப்படும். வாழை, தென்னை, மா, செம்பனை முதலியவற்றின் இலையடியில் தங்கும். அது கடிப்பதில்லை, முள்ளில் உள்ள நஞ்சே எரிச்சலைத் தருகிறது. ஆகவே இலை அறுக்குமுன் அடிப்பக்கத்தை ஒரு முறை பார்த்தல் நம் பெண்மணிகளுக்கு வழக்கமாக வேண்டும்.

பட்டுவிட்டால் தேய்க்கவும் சொறியவும் கூடாது. தேய்த்தால் முள் ஆழமாக இறங்கும். ஒட்டும் நாடாவை அவ்விடத்தில் மெல்ல ஒட்டி எடுத்தால் மயிரும் முள்ளும் அதனுடன் வந்துவிடும். பின்னர் சோப்பு நீரால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம். உடுத்தியிருந்த ஆடையைத் தனியே துவையுங்கள். கண்ணில் பட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, முகமும் உதடும் வீங்கினாலோ சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புழுவின் படம் ஒன்று கையில் இருந்தால், பட்டது எது என மருத்துவரிடம் காட்ட அது உதவும். அம்மாணவி எடுத்த படத்தின் முதற்பயன் இதுவே.

கொல்லுமுன் எண்ணுவோம்

புழுவைக் கண்டதும் பந்தம் கொளுத்துவது நம் முன்னோர் தமிழகத்திலேயே கண்ட பழக்கம். அங்கே முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சிகளை அவ்வாறே சுடுவர். தொல்லை தரும் கூட்டம் எது என்று அறிந்து சுட்டவர்கள் அவர்கள். நாமோ பழக்கத்தை வைத்துக்கொண்டு, அறிதலை விட்டுவிட்டோம்.

கண்டதையெல்லாம் அழித்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டின் வரலாற்றிலேயே பாடம் உண்டு. சாபாவில் தாவாவ் வட்டாரத்துக் கொக்கோத் தோட்டங்களில் 1950ஆம் ஆண்டுகளின் இறுதியில் புழுக்களை ஒழிக்க வலிய பூச்சிமருந்துகளை மீண்டும் மீண்டும் தெளித்தனர். புழுக்கள் குறையவில்லை, பெருகின. 1961இல் தெளிப்பதை நிறுத்திப் பார்த்தபோது அவற்றுள் பல தாமாகவே குறையத் தொடங்கின. காரணம் யாது? மருந்து புழுவை மட்டும் கொல்லவில்லை. புழுவைக் கொல்லும் சிறு குளவிகளையும் கொன்றுவிட்டது. இலையைப் போர்த்தியும் மரத்தைத் துளைத்தும் மறைந்திருந்த புழு தப்பியது. திறந்த வெளியில் திரிந்த குளவி மடிந்தது. இதே போன்ற அனுபவம் தீபகற்பத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் ஏற்பட்டது. பிரயன் வூட் என்னும் ஆய்வாளர் 1968இல் வெளியிட்ட நூலில் அவற்றின் பூச்சிகளைப் பற்றி விரிவாக எழுதினார்.

இன்று பால்மரம் நின்ற பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. நம் தொழிலாளர் பலர் இரண்டிலும் வேலை செய்கின்றனர். ஆகவே பொதிப்புழுவை அறிந்திருத்தல் நன்று. மலாய் மொழியில் உலாட் புங்குஸ் என்பர். இலைத் துணுக்குகளைப் பட்டு இழையால் ஒட்டிப் பைபோல் தைத்து, அதனுள்ளேயே வாழும். பையைச் சுமந்துகொண்டே ஓலையைத் தின்னும். ஆண் வளர்ந்து சிறு அந்துப்பூச்சியாய்ப் பறந்து போகும். பெண்ணுக்கோ இறகே முளைப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் அப்பையை விட்டு வெளியேறாமல், அதனுள்ளேயே முட்டையிட்டு மடியும். பெருங்கூட்டமாய்த் தாக்கினால் ஓலை தீய்ந்ததுபோல் பழுப்பாகிக் குலை குறையும். ஆகவேதான் 2013இல் அரசாங்கம் அதனை ஆபத்தான பயிர்ப்பூச்சி என்று அரசிதழில் அறிவித்தது. இப்புழுவைக் கண்டவர் மறைத்தல் ஆகாது. படத்துடன் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே அறிந்தால் கட்டுப்படுத்துவது எளிது.

செம்பனைக் காட்டுப் பாதையோரத்தில் மஞ்சள் பூச்செடிகளும், இளஞ்சிவப்புப் பூக்கொடிகளும், வெள்ளைப் பூவின் நடுவில் கருமை தீட்டிய சிறு செடிகளும் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக நட்டவை அல்ல. பொதிப்புழுவை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் தருவதற்காக வளர்க்கப்படுபவை. களை என்று எண்ணி அவற்றை வெட்டிவிடாதீர்கள்.

மற்றொரு காட்சியையும் நினைவில் கொள்ளுங்கள். சில வேளை ஒரு புழுவின் முதுகில் அரிசிமணிபோல் வெண்ணிறக் கூடுகள் ஒட்டியிருக்கும். புழு இட்ட முட்டை என்று பலர் எண்ணி நசுக்குவர். புழு முட்டையிடாது, பூச்சியே முட்டையிடும். அந்த வெண்மணிகள் குளவியின் கூடுகள். குளவிக் குஞ்சுகள் புழுவின் உள்ளே வளர்ந்து, அதைத் தின்று, வெளியே வந்து கூடு கட்டியுள்ளன. அந்தப் புழு இனிப் பிழைக்காது. அதை நசுக்கினால் இறப்பது பகைவனல்லன். நமக்காகக் கூலியின்றி உழைக்கும் நண்பன்.

படம் எடுக்கும் முறை

முற்காலத்தில் இவ்வளவு சிறிய உயிரைப் படம் எடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் கைப்பேசியே போதும். பின்வருவனவற்றைக் கைக்கொண்டால் படம் தெளிவாக அமையும்.

ஒன்று: கைப்பேசியின் கண்ணாடிக் கண்ணை மெல்லிய துணியால் துடையுங்கள். பாலும் வியர்வையும் பட்ட விரல் அதன்மேல் பட்டிருந்தால் படம் மங்கிவிடும்.

இரண்டு: மிக நெருங்காதீர்கள். ஒரு சாண் தொலைவிலிருந்து தொடங்கி மெல்ல அணுகுங்கள். உருவம் மங்கத் தொடங்கினால் சற்றுப் பின்வாங்குங்கள். திரையில் பூச்சியின் உருவத்தின்மீது விரலை வைத்தால் கருவி அதன்மேல் பார்வையை நிறுத்தும்.

மூன்று: கைப்பேசியின் மின்னல் ஒளியைக் கூடியவரை தவிருங்கள், அது நிறத்தை வெளுக்கச் செய்யும். மற்றொருவர் தலைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் இறகின் கோடுகள் எழும்பித் தோன்றும். எதிர்ப்புறத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் நிழல் தணியும்.

நான்கு: முழங்கையை முழங்கால்மேல் ஊன்றி, மூச்சை ஒரு கணம் நிறுத்தி அழுத்துங்கள். ஒன்று எடுத்தால் போதாது. நான்கைந்து எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து: அந்துப்பூச்சியாயின் நேர் மேலிருந்து ஒரு படம், உணர்கொம்பு தெரியப் பக்கத்திலிருந்து ஒரு படம். புழுவாயின் முதுகு, பக்கம், தலை என மூன்று படம். அது இருந்த செடியின் இலையும் தனியே ஒரு படத்தில் வேண்டும். பல புழுக்கள் குறித்த சில செடிகளையே உண்ணும். ஆதலால் செடியை அறிந்தால் புழுவை அறிதல் பாதி முடிந்தது.

ஆறு: அளவு தெரிய அருகே ஒரு இருபது காசு நாணயத்தை வையுங்கள். பூச்சியின்மேல் படலாகாது.

ஏழு: நல்ல படத்திற்காக உயிரைத் துன்புறுத்தாதீர்கள். ஊசி குத்துவதும், குளிர்ப்பெட்டியில் அடைப்பதும், கூட்டைப் பிரிப்பதும் வேண்டா. இலையைத் திருப்பியவர் மீண்டும் பழையபடி விட்டுச் செல்ல வேண்டும்.

படத்தோடு ஒரு சிறு குறிப்பும் இருந்தால்தான் அது அறிவாகும். பிள்ளைகளின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்று இதற்குப் போதும். கண்ட நாள், நேரம், இடம், செடி, எண்ணிக்கை, மழையா வெயிலா என்பன எழுதப்பட வேண்டும். சான்றாக, 'காலை 7 மணி. வீட்டின் பின்புற வாழை, மூன்றாவது இலையின் அடிப்பக்கம். பச்சை முட்புழு, பதினொன்று. முன்னிரவு மழை' என்று எழுதினால் போதும். இத்தகைய குறிப்பு ஓராண்டு சேர்ந்தால் எந்த மாதத்தில் எந்தப் புழு வரும் என்பதை உங்கள் வீட்டிலேயே அறிந்துகொள்வீர்கள். பெயர் அறிய விரும்புவோர் விவசாய இலாகா அதிகாரியிடமோ பள்ளி அறிவியல் ஆசிரியரிடமோ காட்டலாம். ஐநேச்சுரலிஸ்ட் என்னும் கைப்பேசிச் செயலியில் படத்தை இட்டால் பிற நாட்டு ஆர்வலரும் பெயர் கூற முன்வருவர். அதற்குக் கட்டணம் இல்லை.

சாதாரண மக்களின் குறிப்புக்கும் மதிப்பு உண்டு. 2014ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் வாலுடைய பெரிய பழுப்பு அந்துப்பூச்சிகள் கூட்டமாய் விளக்குகளை நாடி வந்தன. இறகின் குறுக்கே வெண்ணிறப் பட்டை கொண்ட அவற்றை வண்ணத்துப்பூச்சி என்றே பலர் நினைத்தனர். எங்கே, எப்போது, எத்தனை என்பது தத்தம் வீட்டிலும் தெருவிலும் கண்ட பொதுமக்கள் எடுத்த படங்களாலும் தெரியவந்தது. அப்பூச்சியின் புழு உண்ணும் செசென்டோக் மரம், நம் பால்மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது நமக்கொரு சுவையான செய்தி.

முடிவாக

அன்று மாலை அந்த மாணவியின் படத்தை இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக வாங்கிப் பார்த்தனர். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒருவர் பந்தத்தை மண்ணில் அழுத்தி அணைத்தார். மற்றொருவர், "தங்கச்சி, அந்த வாழையைக் காட்டு" என்றார். இருவர் கையுறை அணிந்து, முட்புழு இருந்த மூன்று இலைகளை மட்டும் அறுத்துச் சோப்பு நீர் நிறைந்த வாளியில் அமிழ்த்தினர். கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது. கறிவேப்பிலையில் தப்பியிருந்த இரண்டு புழுக்களை எவரும் தொடவில்லை. கையில் கட்டுடன் திண்ணையில் அமர்ந்திருந்த அந்த அம்மையார் மகளை அருகே அழைத்து, "எனக்கும் அந்தப் படத்தைக் காட்டு" என்று கேட்டு வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீங்கு செய்வதை விலக்குவது நம் உரிமை. தீங்கு செய்வது எது என்று அறிவது நம் கடமை. கடமையை முதலில் செய்தால் உரிமை பிழையாகாது.

பயிற்சி

1. உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள செடிகளில் புழுவின் சுவடு எங்கெங்கே உள்ளது? பிள்ளைகளுடன் சென்று மூன்று இடங்களைக் கண்டறியுங்கள்.

2. அந்துப்பூச்சியையும் வண்ணத்துப்பூச்சியையும் பிரித்தறிய எதைப் பார்க்க வேண்டும்?

3. முட்புழு கையில் பட்டால் செய்ய வேண்டியவை யாவை? செய்யக் கூடாதது யாது?

4. முதுகில் வெண்மணிக் கூடுகள் ஒட்டிய புழுவை ஏன் நசுக்கலாகாது? வீட்டில் உள்ள ஒருவருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.